தையல் பிரிக்காத கொடி

எங்கள் பாட்டுக்குழுவின் கொடியைத் தைத்தது என் அம்மா. இதைச் சொல்லும்போது எனக்குக் கழுத்து தானாக நிமிரும். தார்ட்டா பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். எனக்கு அதில் வெட்கமே கிடையாது.

இரண்டு பட்டுத் துணிகளை முதுகோடு முதுகாக வைத்துத் தைத்த கொடி அது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம். பச்சையில் எங்கள் லாட்வியப் பேச்சில் 'ஜியேதி' என்று பொன்நூலில் எழுத்து. நீலத்தில் எஸ்தோனியர் பேச்சில் 'லௌலா' என்று எழுத்து. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: பாடு. ஆனால் எங்கள் பேச்சில் 'லௌலாத்' என்றால் கல்யாணம் செய்துவைப்பது. அதனால் கொடி காற்றில் நீலப் பக்கம் திரும்பினால் போதும், எங்கள் தெருப் பிள்ளைகள் "கட்டிவை, கட்டிவை!" என்று கூச்சல் போட்டுச் சிரிக்கும். அம்மா விளக்குமாற்றோடு துரத்துவாள். அந்தக் காலத்தில் கல்யாணம் என்றாலே பாட்டுதான், நம் முன்னோர்கள் அக்கரைக்காரர்களிடமிருந்து சொல்லை வாங்கிக்கொண்டு அர்த்தத்தை மட்டும் தங்கள் இஷ்டத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள் என்று அப்பா சொல்வார்.

அக்கரை என்று சொல்கிறேன், அப்போது அது வெறும் ஓடைக்கு அக்கரை. தெற்கே ரீகாவிலிருந்து வடக்கே தார்த்துவரைக்கும், அதற்கு அப்பாலும், எல்லாம் லிவ்லாண்ட் என்ற ஒரே மாகாணம். சக்கரவர்த்தி ரஷ்யர். நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஜெர்மன் பிரபுக்கள். உழுதது நாங்கள். தெற்கே உழுதவர்கள் லாட்வியர், வடக்கே உழுதவர்கள் எஸ்தோனியர், சரியாக நடுவில் எங்கள் ஊர். நாங்கள் வல்கா என்போம். அவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், எழுதும்போது மட்டும் ஒரே ஒரு எழுத்து மாறும். காதால் கேட்டு யாரும் வித்தியாசம் கண்டுபிடித்துவிட முடியாது.

மாகாணத்துக்கே வாத்தியார்களைத் தயார்செய்த பள்ளி எங்கள் ஊரில்தான் இருந்தது. ரீகாவில் இல்லை, தார்த்துவில் இல்லை, எங்கள் ஊரில்! பண்ணையாள் வீட்டுப் பிள்ளைகள், லாட்வியனும் எஸ்தோனியனும், ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஜெர்மன் மொழியில் பாடம் கேட்டார்கள். நான்கு குரலில் பாடக் கற்றுக்கொண்டு போனார்கள். அவர்கள் வேலைக்குப் போன கிராமத்திலெல்லாம் ஒரு பாட்டுக்குழு முளைத்தது. அப்பா அங்கே படித்தவர். படித்து முடித்ததும் ஓர் எஸ்தோனியச் சிநேகிதரோடு சேர்ந்து இந்த ஊரிலேயே எங்கள் குழுவைத் தொடங்கினார். நிலம் பிரபுவுடையதாக இருக்கலாம், வரி சக்கரவர்த்திக்குப் போகலாம், தொண்டை நம்முடையது என்பார். அந்தத் தொண்டையால்தான் நாங்கள் எங்களை ஒரு ஜனம் என்று கண்டுகொண்டோம். வேண்டுமானால் எந்தச் சரித்திரப் புத்தகத்தையும் திறந்து பாருங்கள்.

பிறகு யுத்தம் வந்தது, சக்கரவர்த்தி போனார், பிரபுக்களும் போனார்கள். இரண்டு குடியரசுகள் பிறந்தன. எங்கள் படையும் அவர்கள் படையும் தோளோடு தோள் நின்று சண்டை போட்டுத்தான் பிறந்தன. எங்கள் நாட்டுக்கொடியை முதல் தடவை கம்பத்தில் ஏற்றியபோது நான் தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். நமக்கென்று ஒரு நாடு! ஆனால் சண்டை முடிந்த கையோடு வல்கா யாருக்கு என்று தகராறு தொடங்கிவிட்டது. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஓர் ஆங்கிலேயக் கர்னலைக் கூப்பிட்டு, நீங்களே ஒரு கோடு போடுங்கள் என்று கொடுத்துவிட்டார்கள். அவர் ஓடையை ஒட்டிக் கோடு போட்டார். ரயில் நிலையமும் கடைத்தெருவும் வடக்கே போய்விட்டன. எங்களுக்கு ஓரத்துத் தெருக்களும் லுகாஜி தேவாலயமும் மிஞ்சின. என் வீடும் தையல் மிஷினும் தெற்கே. பாட்டுக்குழுவில் பாதி வடக்கே.

கோடு போட்ட அந்தக் கோடைகாலத்துக்குப் பிறகுதான் ஸீலே என் தையல் கடைக்கு வந்தார். ரீகாவிலிருந்து வந்தவர், எங்கள் கரையில் புதிதாக ஆரம்பித்த தேசிய சங்கத்துச் செயலாளர். நல்ல கோட்டு, மெழுகு தடவிய மீசை. உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"தார்ட்டா, அந்தக் கொடியில தையலைப் பிரிச்சா ரெண்டு துணியும் தனித்தனியா வந்துரும்ல?"

"வரும். உங்க கோட்டைப் பிரிச்சாலும் வரும். உள்ள நீங்க மட்டும் மிஞ்சுவீங்க."

அவர் சிரிக்கவில்லை. "நான் விளையாட்டுக்கு வரல. அக்கரைச் சங்கத்தோட பேசியாச்சு. நீலத்துணி அவங்களுக்கு, பச்சை நமக்கு. ரெண்டு நாடு, ரெண்டு குழு, ரெண்டு கொடி. உங்கம்மா தைச்சது, நீயே பக்குவமாப் பிரிச்சுக் குடுத்துரு."

"குழுவைக் கேட்டீங்களா?"

"எந்தக் குழு? ஒண்ணா நின்னு பாட முடியாத கூட்டத்துக்குக் குழுன்னு பேரா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இஸ்திரிப்பெட்டி கையில் இல்லாமல் போனது அவருடைய நல்ல காலம்.

இந்தச் சேதி வடக்கே தோனிஸுக்குப் போனது. தோனிஸ் ரயில் பட்டறையில் இன்ஜின் பழுதுபார்ப்பவன், அப்பாவுக்குப் பிறகு எங்கள் குழுவை நடத்துகிறவன். எஸ்தோனியன்தான், ஆனால் லாட்வியப் பேச்சு எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவான். அவன் இரண்டு சங்கத்தாரிடமும் போய் மல்லுக்கட்டி ஒரு பேச்சு வாங்கினான். அறுவடைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை, வருஷா வருஷம் போல, மொத்தக் குழுவும் லுகாஜி தேவாலயத்தில் கொடிக்குக் கீழே நின்று பாடினால் கொடி அப்படியே இருக்கும். பாடாவிட்டால் மறுநாளே தையலைப் பிரிக்க வேண்டும். ஸீலே தாராளமாகத் தலையாட்டினார். ஏன் தலையாட்டமாட்டார்? கூட்டமாக எல்லை தாண்ட மூன்று காரணங்களுக்குத்தான் அனுமதி: கல்யாணம், சாவு, அக்கரையில் வயல். பாட்டு அதில் இல்லை. காவல் அதிகாரியிடம் தோனிஸ் போய்க் கேட்டதற்கு, "யாராவது செத்தா வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

தோனிஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், ஊருக்கே தெரிந்ததை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது. யுத்தத்துக்கு முன்னால் அவன் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். எனக்கும் மனசு இருந்தது. ஆனால் அன்றைக்கு மாலைதான், ஒத்திகையில், அத்தனை பேர் முன்னால், "தார்ட்டா, நீ எப்பவும் அரைத் தாளம் முந்தி வர்றே" என்று சொல்லியிருந்தான். "சரியான தாளத்துக்கு வர்றவளாப் பாத்துக் கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். அவன் கேட்கவில்லை. அவனுக்கும் ரோஷம். பிறகு யுத்தத்துக்குப் போனான், திரும்பி வந்தான், பாட்டு நடத்தும் கோலைக் கையில் எடுத்தான், என்னைப் பார்த்து "இரண்டாம் குரல், மெதுவா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக வெயில் அடித்தது. நாங்கள் தெற்குப் பாதி, எல்லோரும் திருநாள் உடுப்பில், ஓடைப் பாலத்தின் எங்கள் முனையில் நின்றோம். நான் வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் சிவப்புக் காட்டுப்பழக் கொத்தும் கதிரும் வைத்துக் கட்டிய வளையம் வைத்திருந்தேன். அறுவடைக்கு எல்லாப் பெண்களும் வைப்பதுதான், ஆனால் கொடி என் கையில் இருந்ததால் என் வளையம் கொஞ்சம் பெரியது. பாலத்தின் நடுவில் ஒரு மரத்தடுப்பு. அதன் பக்கத்தில் டோனாட்ஸ் என்ற சிப்பாய்ப் பையன். கிழக்கே லாட்கல்லே பக்கத்திலிருந்து புதிதாக வந்தவன், எங்கள் நாட்டுக்காரன்தான், ஆனால் அவன் ஊர் லிவ்லாண்டில் இருந்ததே இல்லை. எஸ்தோனியப் பேச்சு அவன் காதில் அதுவரை விழுந்ததில்லை.

அக்கரையிலிருந்து அவர்கள் வந்தார்கள். ஆண்கள் கருப்புக் கோட்டில், பெண்கள் கோடுபோட்ட பாவாடையில். கெஞ்சிப் பார்ப்பது, முடியாவிட்டால் அவமானத்தோடு திரும்புவது என்று முடிவுசெய்துதான் வந்தார்கள். பேச வேண்டியவன் தோனிஸ். ஆனால் அவன் பாட்டுத்தாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசியில் வந்தான். முன்னால் வந்து நின்றது கிழவர் யூரி. எங்கள் குழுவிலேயே ஆழமான குரல் அவருடையது, தாடி மார்புவரைக்கும். இத்தனை வருஷம் எங்களோடு பாடியும் லாட்வியனில் ரொட்டி, பீர், வணக்கம் என்ற மூன்று சொற்களைத் தாண்டாத மனிதர்.

"எங்க போறீங்க பெரியவரே?" என்றான் டோனாட்ஸ்.

யூரிக்குக் கேள்வி புரியாவிட்டாலும் சங்கதி புரிந்தது. மார்பை விரித்துக்கொண்டு தேவாலயக் கோபுரத்தைக் காட்டினார். "லௌல்மா!" என்றார். பாடுவதற்கு என்று அவர் பேச்சில் சொன்னார். பையன் முழிக்கிறானே என்று இன்னும் சத்தமாக, "லௌல்மா! லௌல்மா!"

டோனாட்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. "லௌலாத்? அட, கல்யாணமா! அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? மாப்பிள்ளை யாரு?"

குழுத்தலைவர் யார் என்று கேட்கிறான் என்று யூரி நினைத்துக்கொண்டார். திரும்பி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரும் தோனிஸைப் பெருமையாகக் கை காட்டினார். தோனிஸுக்கு மூச்சு வாங்கியது, ஒன்றும் காதில் விழவில்லை. டோனாட்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான். வெள்ளைச் சட்டை, தலையில் வளையம், கையில் பட்டுக்கொடி.

"அக்கா, பொண்ணு நீங்கதானே?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் தடுப்பு திறக்காது, நாளைக்கு நான் கத்தரிக்கோலை எடுத்து அம்மா போட்ட தையலை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டேன்.

"வேற யாரு மாதிரித் தெரியுது?" என்றேன்.

"மன்னிச்சுக்கோங்க அக்கா. நல்லா இருங்க! என் காவல் மதியத்தோட முடியுது, நானும் வரலாமா? வீட்டை விட்டு வந்ததுலேருந்து ஒரு கல்யாணத்தையும் பாக்கல."

"வா தம்பி. வாசல்ல நிக்காம உள்ள வந்து உக்காரு."

தடுப்பு உயர்ந்தது. வடக்குப் பாதி எங்கள் கரையில் கால் வைத்தது. என் பக்கத்தில் நடந்து வந்த தோனிஸ் மெதுவாக, "என்ன சொல்லி உள்ள விட்டான்?" என்றான்.

"யூரி மாமா நல்லா விளக்கிச் சொன்னாரு. நீ கோலை ரெடி பண்ணு" என்றேன். என் முகம் அடுப்பு மாதிரி எரிந்தது.

அன்றைக்கு நாங்கள் பாடியதைப் பற்றி நான் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். இரண்டு மாதமாக அந்தக் கரையில் பாதி, இந்தக் கரையில் பாதி என்று தனித்தனியாக ஒத்திகை பார்த்தவர்கள் நாங்கள். இங்கே கீழ்க்குரல் இல்லாமல், அங்கே உச்சக்குரல் இல்லாமல், நொண்டி நொண்டிப் பாடிக்கொண்டிருந்தோம். நான்கு குரலும் ஒன்றாக எழுந்தபோது கதிர்க்கட்டுகள் அடுக்கிய பலிபீடத்துக்கு முன்னால் நின்ற பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு பாட்டு லாட்வியனில், ஒன்று எஸ்தோனியனில். எங்களில் யாருக்கும் எந்தப் பாட்டுக்கும் தாள் தேவைப்படவில்லை. கொடி எங்கள் தலைக்கு மேலே இருந்தது. அப்பாவும் அம்மாவும் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். முன்வரிசையில் ஸீலேயின் முகத்தில் ஈ ஆடவில்லை.

ஆராதனை முடிந்து எழுந்தபோது வாசலில் டோனாட்ஸ் நின்றான். சீருடையைத் துடைத்து, எங்கிருந்தோ பறித்த ஊதாப்பூக்களைக் கையில் வைத்திருந்தான். ஸீலே நேராக அவனிடம் போனார்.

"இவங்களையெல்லாம் எப்படிடா விட்டே? யார் உத்தரவு?"

"கல்யாணத்துக்கு விடலாம்னு உத்தரவு இருக்குங்களே."

"எந்தக் கல்யாணம்?"

"இவங்கதான் பொண்ணு. பெரியவர் சொன்னாரே, லௌல்மான்னு."

ஸீலே கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தேவாலயம் முழுக்க எதிரொலித்தது. "முட்டாப் பயலே! லௌல்மான்னா அவங்க பேச்சுல பாடுறதுடா! அதோ கொடியிலயே எழுதியிருக்கு பாரு! காவல்ல நின்னுக்கிட்டு ஒரு கூட்டத்தையே களவா உள்ள விட்டிருக்கே. நீ போற இடம் உனக்குத் தெரியும்ல?" பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார். "களவா வந்து பாடினது கணக்குல சேராது. தார்ட்டா, நாளைக்குக் காலையில தையலைப் பிரிக்கிறே."

பையன் முகம் வெளுத்துப்போயிற்று. கையிலிருந்த பூக்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். "அக்கா?" என்று என்னைப் பார்த்தான். அந்த ஒரு சொல் என்னைக் குத்திவிட்டது. அவன் என்னை நம்பித்தான் தடுப்பைத் தூக்கினான். இனிமேல் பொய்யை நிஜமாக்குவதைத் தவிர எனக்கு வழியில்லை.

"யாரு களவா வந்தா?" என்றேன். என் குரல் அந்தக் கூரைக்குப் பழகிய குரல். "கல்யாணம் நிஜம்தான். மூணு ஞாயிறு ரெண்டு பேர் பேரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசிக்காம எந்தச் சபையிலயாவது மோதிரம் மாத்த வழி உண்டா? இன்னைக்கு முதல் ஓலை. அதுக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்காங்க. ரீகாவுல கல்யாணமெல்லாம் ஓலை வாசிக்காமலே நடக்குதோ செயலாளரய்யா?"

எங்கள் பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தாள். பாதிரியார் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், இரண்டு பேச்சும் அறிந்தவர். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது கண்ணிலேயே தெரிந்தது.

"தார்ட்டா, கோயில்ல நின்னுக்கிட்டுப் பேசுறே."

"தெரியும் ஐயா."

"தோனிஸ், நீ என்னப்பா சொல்றே?"

எல்லோர் கண்ணும் அவன் மேல். அவன் பாட்டுத்தாள் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். அவசரமே இல்லாத மனிதன், இன்ஜினைப் பிரித்து ஒவ்வொரு திருகாணியாகத் துடைக்கிறவன். என்னைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான்.

"மாட்டேன்" என்றான்.

ஸீலே மீசையைத் தொட்டுக்கொண்டார்.

"கொடிக்காகன்னா மாட்டேன்" என்றான் தோனிஸ். "நான் ஏற்கெனவே கேட்டவன் ஐயா. பதில் என்னன்னு ஊருக்கே தெரியும். தார்ட்டா, யோசிச்சுப் பேசு. என்னைக் கட்டினா சட்டப்படி நீ அக்கரை நாட்டுக்காரி. உன் நாட்டுக்கொடி ஏறினப்போ நீ அழுதது எனக்குத் தெரியும். ஒரு துண்டுப் பட்டுக்காக அதை விட்டுட்டு வந்து, அப்புறம் காலம்பூரா என் மூஞ்சியைப் பாத்துப் பெருமூச்சு விடுவியா? அதுக்குப் பதிலா, கத்தரிக்கோலைக் குடு. நானே பிரிச்சுப் போடுறேன்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் பாதி, மீதி என்னவென்று சொல்லத் தேவையில்லை. என் நாட்டை நான் அவ்வளவு லேசாக விட்டுவிடுவேனா? எனக்கு அது உயிர். ஆனால் அது பிறப்பதற்கு முன்னாலேயே அப்பா இருந்தார், அவருடைய எஸ்தோனியச் சிநேகிதர் இருந்தார், அந்தப் பெஞ்சு இருந்தது. லிவ்லாண்ட் பிரபுக்களின் மாகாணமாகத்தான் இருந்தது, போய்த் தொலையட்டும், யாரும் அதற்காக அழவில்லை. ஆனால் அதற்குள் இருந்துகொண்டு நாங்கள் சேர்ந்து செய்தது எங்களுடையது. அதைக் கர்னலும் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை, நான் மட்டும் ஏன் பிரித்துக் கொடுக்க வேண்டும்?

"ஏ கழுதை!" என்றேன். தேவாலயம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. "கொடிக்காகத்தான். ஆமா! உனக்காகவும்தான். மறுநாள் நீ வந்து கேப்பேன்னு ஜன்னல்லயே உக்காந்திருந்தேன், தெரியுமா? யுத்தத்துக்குப் போனியே, ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேஷனுக்கு ஓடினேன், தெரியுமா? துணிக்கு ஒரு பக்கம்தான் இருக்கணும்னு உனக்கு யாரு சொன்னது? எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தைச்சாச்சு. பிரிக்கிற வேலை என்கிட்ட நடக்காது. இப்ப நீ கேக்குறியா இல்லையா?"

தோனிஸின் காது நுனிவரைக்கும் சிவந்துவிட்டது. "கேக்குறேன்" என்றான். யூரிக்குப் பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் தன் ஆழமான குரலில் எஸ்தோனியனில் ஆமென் என்றார்.

பாதிரியார் மறுபடியும் பீடத்தில் ஏறினார். கலைந்துகொண்டிருந்த சபையை உட்காரச் சொன்னார். எங்கள் இரண்டு பேர் பெயரையும், அப்பாக்கள் பெயரையும் சொல்லி, ஆட்சேபணை உள்ளவர் அறிவிக்கலாம் என்று முதல் ஓலையை வாசித்தார். லாட்வியனில் ஒருமுறை, எஸ்தோனியனில் ஒருமுறை. வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஸீலேயைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை சபையிலயும் ஓலை வாசிக்கணும். அதனால பொண்ணு வீட்டார் அக்கரைக்குப் போய்ட்டு வரணும். மாப்பிள்ளை வீட்டார் இங்க வரணும். பழைய வழக்கம், மாத்த முடியாது. கல்யாணத்துக்கு உத்தரவு உண்டுல்ல, டோனாட்ஸ்?"

"உண்டுங்க ஐயா!" என்றான் பையன். உயிர் திரும்பி வந்தவன் கத்துவது போலக் கத்தினான். பூக்களை ஒருவழியாக என் கையில் திணித்தான்.

அப்படியாக, யாரும் எதிர்பாராத விதத்தில், மூன்று ஞாயிறும் கல்யாண நாளும் சேர்த்து எங்கள் குழு இரண்டு கரைகளிலும் நின்று பாடிவிட்டது. ஒவ்வொரு தடவையும் டோனாட்ஸ் எங்களைத் தூரத்தில் கண்டதுமே தடுப்பைத் தூக்கிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே எஸ்தோனியச் சொல்லை உரக்கச் சொல்வான்: "லௌல்மா?" நாங்கள் எல்லோரும் சேர்ந்து, "லௌல்மா!" என்போம். எந்த அர்த்தத்தில் என்று அவனும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அத்தனை தடவை இரண்டு ஊர் ஜனமும் கண்ணால் பார்த்து, காதால் கேட்ட குழுவை இல்லை என்று சொல்ல எந்தச் சங்கத்துக்கும் வாய் வரவில்லை. கொடி லுகாஜியில், பாட்டு மேடைக்குப் பக்கத்தில், முழுசாக இருக்கிறது. நான் வடக்கே குடிபோன பிறகும் அறுவடை ஞாயிறுதோறும் அனுமதி வாங்கிக்கொண்டு போய் அதைக் கையில் பிடிக்கிறேன். இப்போது அந்த அனுமதிப் பட்டியலில் பாட்டும் இருக்கிறது. அதை அதில் சேர்க்கச் சொல்லி அதிகாரிகளை நச்சரித்தவர்களில் நானும் ஒருத்தி.

கல்யாண விருந்தில் வழக்கப்படி பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதிரெதிராக நின்று ஒருவரை ஒருவர் கிண்டலடித்துப் பாடினார்கள். பன்றிக்கொழுப்பில் வதக்கிய பட்டாணியும் கருப்பு ரொட்டியும் பீரும் ஓடின. இரண்டு பக்கமும் சேர்ந்து ஸீலேயின் மீசையையும் என் கத்தரிக்கோலையும் விட்டுவைக்கவில்லை. ஸீலேயைக் கூப்பிட்டது நான்தான். முதலில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இரண்டாவது பீருக்குப் பிறகு அவரும் பாடினார். குரல் பரவாயில்லை, மேல்ஸ்தாயியில் எங்களுக்கு ஆள் குறைவாகத்தான் இருந்தது. அதனால் சேர்த்துக்கொண்டோம்.

அதற்கு முன்னால், தேவாலயத்தில், ஒன்று நடந்தது. கொடியை யூரி பிடித்துக்கொண்டு நின்றார். நீலப் பக்கம் எங்களைப் பார்த்து இருந்தது. பாதிரியார் தோனிஸிடம் கேட்டார், அவன் நிதானமாக யோசிப்பவன் போல நின்று, தெளிவாக, சம்மதம் என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "தார்ட்டா, இந்தத் தோனிஸை உன் கணவனாக ஏற்று..." என்று தொடங்கினார்.

"சம்மதம்!" என்றேன்.

பாதிரியார் வாயைத் திறந்தபடியே நின்றார். பின்னால் குழு முழுவதும் குலுங்கிச் சிரித்தது. தோனிஸ் தலையைக் குனிந்து என் காதருகே வந்தான்.

"அரைத் தாளம் முந்தி வந்துட்டே."

"இந்தத் தடவை உன் தாளம்தான் ரொம்பப் பிந்திப்போச்சு" என்றேன்.